சுருட்டை விரியனின் சரித்திரம்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆயினும் படை நடுங்குவது படமெடுத்தாடும் நாகத்தைக் கண்டேயன்றி, காய்ந்த பாளைத் துண்டு போல மணலிற் சுருண்டு கிடக்கும் ஒரு முழப் பிராணியைக் கண்டன்று. நாகத்துக்குக் கோயிலுண்டு, பாலும் முட்டையும் உண்டு, சிவபெருமானின் திருமேனியில் ஆபரணமாகும் பேறும் உண்டு. சுருட்டை விரியனுக்கோ இவற்றுள் யாதொன்றுமில்லை. பெயரைச் சொன்னால், "அப்படியும் ஒரு பாம்பு உண்டோ?" என்று நம்மவரிற் பலர் கேட்பர்.

அத்தகைய ஒன்றின் சரித்திரத்தை ஆண்டு மலரில் எழுதப் புகுந்தது ஏன் என வாசகர் வினவலாம். காரணம் இரண்டு. அராபியப் பாலைவனத்தையும் ஆரணியையும் நம் கடற்கரையையும் ஒரே கயிற்றிற் கோக்கும் சரித்திரம் இதனுடையது என்பது ஒன்று. இதன் கடியிலிருந்து உலகம் கற்ற ஒரு பாடம், எல்லாப் பாம்புக்கடிக்கும் பொருந்துவதாய், நம் ஊர்களில் இன்னும் முற்றாகக் கற்கப்படாததாய் இருக்கிறது என்பது மற்றொன்று. முன்னதை அறிந்தால் அறிவு வளரும். பின்னதை அறிந்தால் உயிர் தப்பும்.

உருவமும் குணமும்

சுருட்டை, விரியன் குடும்பத்தைச் சேர்ந்தது. விரியனைப் புடையன் என்று வழங்குவோரும் நம்மிடையே உளர். பாகிஸ்தானிலும் இந்தியாவின் வடமேற்கிலும் இரண்டடி வரையும், சில வேளை அதற்கு மேலும் வளரும் இவ்வினம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஓரடி அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நீளத்தோடு நின்றுவிடுகின்றது. நிறம் மணலின் நிறம். முதுகில் வெளிறிய புள்ளிகள் வரிசையாக ஓடும். இரு விலாவிலும் அலையலையாக ஒரு வெண்கோடு செல்லும். தலை கழுத்திலும் அகன்றது. அதன்மேற் பறவைக் காலடி போன்றோ சூலம் போன்றோ ஒரு வெளிறிய அடையாளம் இருக்கும். கண்கள் பெரியவை, பூனையின் கண்மணி போல அவற்றின் மணியும் நிமிர்ந்த கீற்றாகவே அமைந்துள்ளது. இரவில் இரை தேடும் பிராணிகளுக்கு உரிய கண் இது.

இதன் செதில்களே இதன் விசேடம். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் ஒரு மெல்லிய வரம்பு உண்டு. விலாப்புறத்துச் செதில்கள் சரிவாக அமைந்து, அவற்றின் வரம்புகள் வாளின் பற்களைப் போல அறுக்கப்பட்டிருக்கும். இதனாலேயே ஆங்கிலேயர் இதற்கு வாட்செதில் விரியன் எனப் பொருள்படும் பெயரை இட்டனர். அபாயம் நேரும்போது இப்பாம்பு உடலைப் பல மடிப்புகளாக வளைத்து, மடிப்போடு மடிப்பை உரசும். காய்ந்த தாச்சியில் நீர் தெளித்தாற் போன்ற ஓசை அப்போது எழும். நாகம் மூச்சினாற் சீறும். சுருட்டை தோலினாற் சீறும் எனலாம்.

இதற்கு விஞ்ஞானிகள் கூறும் விளக்கம் சுவையானது. மூச்சை வேகமாக வெளிவிட்டுச் சீறும் பிராணி, ஒவ்வொரு சீற்றத்தோடும் உடலின் ஈரத்தில் ஒரு பகுதியை இழக்கின்றது. நீர் கிடைக்காத பாலைவனத்தில் அது பெருநட்டம். செதிலை உரசி ஓசை எழுப்பினால் ஈரம் போவதில்லை. நடையும் அவ்வாறே. சுடுமணலில் நேரே ஊர்ந்தால் மணல் சரியும், உடலும் சுடும். ஆகவே சுருட்டை உடலின் ஒரு பகுதியை ஊன்றி மறு பகுதியைத் தூக்கி எறிந்து பக்கவாட்டிற் செல்கின்றது. அது சென்ற வழியில் மணலிற் படிவது தொடர்ந்த கோடன்று; ஏணிப்படி போன்ற தனித்தனிக் கீறல்களே. பகலில் கல்லின் கீழும் எலி வளையிலும் முட்புதரிலும் மறைந்திருக்கும். சில வேளை உடல் முழுவதையும் மணலிற் புதைத்துத் தலையை மாத்திரம் வெளியே வைத்திருக்கும். நம் பக்கத்துச் சுருட்டை முட்டையிடுவதில்லை. முட்டைகளை வயிற்றினுள்ளேயே வைத்திருந்து குட்டிகளாக ஈனுகின்றது. ஓரீற்றிற் பெரும்பாலும் 3 முதல் 15 வரை குட்டிகள் பிறக்கும்.

தேளும் பூரானும் இதன் விருப்பமான உணவுகளுட் சேர்ந்தவை. பல்லி, தவளை, சிற்றெலி ஆகியவற்றையும் உண்ணும். தேளை மிகுதியாக உண்ணும் இனங்களின் நஞ்சு தேளைக் கொல்வதில் ஏனைய இனங்களின் நஞ்சிலும் வலியது என்று 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. நம்மைக் கடிப்பதற்கென்று இறைவன் இதற்கு நஞ்சை வைத்தான் என நாம் எண்ணுவது நமது அகந்தையேயாகும். அந்த நஞ்சு தேளுக்கும் எலிக்கும் என்று வைக்கப்பட்டது. அதன் வழியில் நாம் காலை வைத்துவிடுகின்றோம்.

பாலையிலிருந்து கரைக்கு

இவ்வினத்தின் நாடு மிகப் பரந்தது. ஓமான், ஐக்கிய அரபு அமீரகம், ஈரான், துருக்மெனிஸ்தான், உஸ்பெக்கிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை என்று அது நீளுகின்றது. இதன் நெருங்கிய உறவினங்கள் மேற்கு ஆபிரிக்கா வரை பரவியுள்ளன. கல்முனையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் தொழில் தேடி அராபிய நாடுகளுக்குச் சென்ற நம் அயலவர், அங்குள்ள மணல்மேட்டிற் கண்டிருக்கக் கூடியதும், இலங்கைக் கரை மணலிற் கிடப்பதும் ஒரே இனமே என்பதை எண்ணுந்தோறும் வியப்புண்டாகின்றது.

பாலைவனத்துக்குரிய பாம்பு, நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவுக்கு வந்தது எவ்வாறு? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் நீரிற் பெரும்பகுதி பனிக்கட்டியாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றிலும் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று கடலன்று, காய்ந்த தரை. அத்தகைய காலங்களில் யானையும் கரடியும் நடந்து வந்த வழியே இச்சிறு பாம்பும் ஊர்ந்து வந்திருக்க வேண்டும். பின்னர் கடல் உயர்ந்தது, வழி அடைபட்டது. வந்தவை இங்கேயே தங்கின. ஈரமிக்க மலைநாட்டை அவை நாடவில்லை. வறண்ட கரையோரத்து மணற்பாங்கான இடங்களையே தமக்குரியனவாக்கிக்கொண்டன. யாழ்ப்பாணக் குடாநாடு இதற்குப் பேர்போன இடம். கிழக்குக் கரையின் மணற்பரப்பும் இதன் எல்லைக்குட்பட்டதே. கிழக்கே கடல், அதையொட்டி மணலும் தென்னையும், மேற்கே வயல் என்று அமைந்த நம் கரையில், வயலிற் கண்ணாடிப் புடையனுக்கு அஞ்சுவோர் மணலில் வெறுங்காலோடு அச்சமின்றி நடப்பதுண்டு.

பெயர் வந்த வரலாறு

இப்பாம்பை மேனாட்டு விஞ்ஞானத்துக்கு அறிமுகஞ் செய்தவர் பற்றிக் றசல் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர். அலெப்போ நகரிற் கொள்ளைநோய்க்கு வைத்தியஞ் செய்து பெயர்பெற்ற அவர், 1782 ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்துக்கு வந்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கைநூல் ஆராய்ச்சியாளரானார். எப்பாம்பு நஞ்சுடையது, எப்பாம்பு நஞ்சற்றது என்று மக்களுக்கு அறிவித்தால் வீண் அச்சமும் வீண் மரணமும் குறையும் என்று அவர் கருதினார். சோழமண்டலக் கரையிலிருந்து பாம்புகளைச் சேகரித்து, வர்ணப் படங்களோடு 1796 இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். கண்ணாடிப் புடையன் ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அந்நூலில், ஆரணியிலிருந்து கிடைத்த ஒரு சிறு பாம்புக்கு ‘ஹொறட்டாப் பாம்’ என்று பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. பாம் என்பது நமது பாம்பு என்பதில் ஐயமில்லை. முற்பகுதி ‘சுருட்டை’ என்பதன் திரிபாக இருத்தல் கூடும் என்பது எமது கருத்து. ஆரணியின் குடியானவர் வாயிற் பிறந்த சொல் ஆங்கிலத் துரையின் காதில் விழுந்து, இலண்டன் அச்சகத்தில் உருமாறிய விதம் அது. 1801 இல் ஜெர்மானியரான ஷ்னைடர் இதற்கு ‘கரினாட்டா’ என்னும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். வரம்புடையது என்பது அதன் பொருள். கிரேக்க மொழியிலும் பேரறிஞர் அவர். அடுத்த ஆண்டிலே பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஷோ என்பார் ‘போவா ஹொறட்டா’ என்று பெயரிட்டார். முந்திய பெயருக்கே உரிமை என்பது விஞ்ஞானிகளின் விதி. ஆகவே ஷ்னைடரின் பெயர் நிலைத்தது. ஹொறட்டா ஏட்டளவில் நின்றது. 1820 இல் மெறெம் என்பவர் விரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘எக்கிஸ்’ என்னும் பேரினப் பெயரை அமைத்தார். இன்று உலகெங்கும் இதன் பெயர் எக்கிஸ் கரினாட்டஸ். இவ்வினத்தின் மூல இடமாக நூல்கள் குறிப்பது தமிழ்நாட்டு ஆரணியையே. இலங்கைத் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல 1951 இல் நம் நாட்டுச் சுருட்டையைத் தனி உபஇனமாகப் பிரித்து எழுதினார். பின்வந்தோர் அதனைத் தென்னிந்திய இனத்தோடு ஒன்றாகவே கொண்டனர்.

இரத்தினகிரியின் சர்ப்பயாகம்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தோர்க்கு ஜனமேஜயன் கதை புதிதன்று. தந்தை பரீட்சித்து தக்ஷகன் தீண்டி மாண்டமையால், உலகிலுள்ள பாம்புகள் யாவற்றையும் எரித்தொழிக்க அவன் வேள்வி தொடங்கினான். ஆஸ்திகர் என்னும் இளைஞர் வந்து இரந்து அதனை நிறுத்தினார்.

அத்தகைய வேள்வியொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பம்பாய் மாகாணத்து இரத்தினகிரி ஜில்லாவில் நடந்தது. அங்கே சுருட்டை விரியன் ஏராளம். அதன் கடியால் இறப்போரும் பலர். கொன்று கொணரும் ஒவ்வொரு பாம்புக்கும் அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. 1862 டிசம்பரில் அச்சன்மானத்தை உயர்த்தியதும், எட்டே நாட்களில் ஒரு லட்சத்துப் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பாம்புகள் வந்து குவிந்தன. பொக்கிஷம் தாங்காது என்று கண்ட அரசாங்கம் சன்மானத்தை மீண்டும் குறைக்க நேர்ந்தது. சுருட்டையோ ஒழியவில்லை. அக்கொங்கணக் கரையில் அது இன்றும் வாழ்கின்றது, இன்றும் கடிக்கின்றது.

சிறு பாம்பானாலும் பெருந்தடி கொண்டு அடி என்பர் நம் முன்னோர். பெருந்தடியால் ஒரு பாம்பைக் கொல்லலாம். பாம்புக்கடியைக் கொல்ல முடியவில்லை என்பதையே இரத்தினகிரி காட்டிற்று. வேறு வழி வேண்டியிருந்தது. அவ்வழி நஞ்சின் இயல்பை அறிவதிலிருந்தே தொடங்கியது.

மெல்லக் கொல்லும் நஞ்சு

நாகத்தின் நஞ்சு நரம்பைத் தாக்கும்; மூச்சு நின்று சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும். சுருட்டையின் நஞ்சு இரத்தத்தைத் தாக்குவது. நம் இரத்தத்தில், காயம் பட்டால் உறைந்து அடைப்பதற்கென்று சில பொருட்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளக் காலத்தில் குளக்கட்டு உடைந்தால் அடைப்பதற்காக அடுக்கி வைத்த மண்மூடைகளை அவற்றுக்கு உவமையாகக் கூறலாம். இந்நஞ்சிலுள்ள எக்காரின் என்னும் பொருள், உடைப்பு இல்லாத இடங்களிலெல்லாம் அம்மூடைகளைப் போட்டுத் தீர்த்துவிடுமாறு இரத்தத்தைத் தூண்டுகின்றது. நஞ்சின் வேறு பகுதிகளோ இரத்தக் குழாய்களின் சுவரை அரிக்கின்றன. உண்மையான உடைப்பு ஏற்படும்போது போடுவதற்கு மூடையில்லை. அப்போது முரசிலிருந்து இரத்தம் கசியும், பழைய கீறல்கள் மீண்டும் ஒழுகும், சிறுநீர் சிவக்கும், மூளையில் ஒழுகினால் உயிருக்கே மோசம்.

இவை யாவும் கடித்தவுடன் நிகழ்வனவல்ல என்பதே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. முதலிலே சிறு கடிவாய், சிறிது வீக்கம், சிறிது நோவு. கடிபட்டவன் எழுந்து நடப்பான், உண்பான், பேசுவான். உள்ளே மூடைகள் தீர்ந்துகொண்டிருக்கும். மணிக்கணக்கின் பின்னரும், சில வேளைகளில் நாட்கணக்கின் பின்னருமே ஆபத்து வெளிப்படும். நம் நாட்டுச் சுருட்டையின் கடி இந்தியாவின் சில பகுதிகளிலும் ஆபிரிக்காவிலும் உள்ளவற்றை நோக்க மிதமானது என்று 2011 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பற்றி வெளியான ஆய்வு தெரிவித்தது. அஃது ஆறுதலே. எனினும் மிதமானது என்பதற்கு வைத்தியம் வேண்டாதது என்பது பொருளன்று. அன்றியும், இருளிற் கடித்தது சுருட்டையோ, அதே இரத்தத்தை அதனினும் கொடுமையாகத் தாக்கும் கண்ணாடிப் புடையனின் குட்டியோ என்று யார் கண்டது?

காத்திருத்தலும் மறைத்தலும்

மிஷன் பாடசாலையில் வேதபாடம் கேட்ட நம்போன்றோர்க்குப் பவுல் அப்போஸ்தலரின் கதை நினைவிருக்கும். கப்பல் உடைந்து மெலித்தா தீவிற் கரையேறிய அவர், குளிர்காய விறகு பொறுக்கி நெருப்பில் இட்டபோது ஒரு விரியன் வெளிப்பட்டு அவர் கையைக் கவ்விற்று. அவர் அதனை நெருப்பில் உதறினார். தீவு மக்கள் அவர் கை வீங்கும், விழுந்து சாவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தனர். நெடுநேரமாகியும் ஒன்றும் நேராததைக் கண்டு, இவர் ஒரு தேவன் என்றனர். கதையின் தெய்விகத்தை ஆராய்வது நம் வேலையன்று. அத்தீவு மக்களின் தருக்கத்தையே நாம் நோக்குகின்றோம். அவர்கள் பார்த்திருந்து, ஒன்றும் நேரவில்லை என்று கண்டு, ஒரு முடிவுக்கு வந்தனர்.

நம் ஊர்களிலும் அத்தருக்கமே நடக்கின்றது. கடிபட்டவனைப் பார்வை பார்ப்பவரிடம் கொண்டு செல்வோம். முஸ்லிம் அயலவர் ஓதி ஊதுவிப்பர். கடித்த பாம்புகளிற் பல நஞ்சற்றவை. சுருட்டையைப் போலவே தோன்றும் பூனைப் பாம்பு மனிதருக்குத் தீங்கற்றது. நஞ்சுள்ள பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமற் கடிப்பதுண்டு. இவற்றிலெல்லாம் கடிபட்டவன் பிழைப்பான். மந்திரத்துக்குக் கீர்த்தி சேரும். அக்கீர்த்தியை நம்பி, மெய்யாகவே நஞ்சேறிய ஒருவனையும் அதே திண்ணையில் இருத்தி வைப்போம். அவனுக்கும் முதல் நாள் ஒன்றும் தோன்றாது. தோன்றும்போது காலம் கடந்திருக்கும்.

திங்களூர் அப்பூதியடிகளின் இல்லத்தில் நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். நாவுக்கரசர் பெருமானுக்கு அமுது படைக்க வாழைக் குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிற்று. அடியவரின் திருவமுதுக்கு இடையூறு வரலாகாதே என்று பெற்றோர் அதனை மறைத்தனர். பெருமான் அறிந்து, பதிகம் பாடி, இறந்த பிள்ளையை எழுப்பினார். அஃது அருளாளர் செய்த அற்புதம். பாடி எழுப்ப நம்மிடையே அப்பர் பெருமான் இல்லை. அப்பூதியாரின் அன்பு நமக்கு வேண்டும். கடியை மறைத்தல் நமக்கு வேண்டாம். வயலிற் கடிபட்டுப் பாரமாயிருப்பேனோ என்று மறைக்கும் கூலியாளும், ஏச்சுக்கு அஞ்சி மறைக்கும் சிறுவனும் நம் ஊர்களில் இன்றும் இல்லாமலில்லை.

இங்ஙனம் கூறுவதாற் கடவுள் நம்பிக்கையைப் பழிக்கின்றோம் என முதியோர் கருதலாகாது. ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவனிடம் பொறுப்பைக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் கூறியதாக நம் முஸ்லிம் நண்பர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நமக்கும் அதுவே நெறி. நேர்த்தியைக் கோயிலில் வைப்போம்; நோயாளியை வைத்தியசாலையில் வைப்போம். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892–1947) கிறிஸ்தவக் கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானவர். விஞ்ஞானத்தையும் சமயத்தையும் ஒரே நெஞ்சில் ஏந்தலாம் என்பதற்கு நம் மண்ணே தந்த சாட்சி அவர்.

மாற்று மருந்தின் கதை

நிற்க, நஞ்சுக்கு மருந்து நஞ்சிலிருந்தே பிறந்தது. 1894–95 இல் பிரெஞ்சு நாட்டு அல்பேட் கல்மெத், சிறிது சிறிதாக நஞ்சேற்றப்பட்ட மிருகத்தின் இரத்தத்திலிருந்து நாகத்தின் நஞ்சை முறிக்கும் சீரத்தைக் கண்டார். ஒரு பாம்பின் நஞ்சுக்குச் செய்த சீரம் வேறொரு பாம்பின் கடிக்கு உதவாது என்பதைப் பிரேசில் நாட்டு விற்றல் பிரசில் சிறிது காலத்திற் காட்டினார். அவர் சொன்னதன் உண்மை நூறாண்டின் பின்னரும் தெரிய வந்தது. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டின் ஒரு பகுதியில், அந்நாட்டுச் சுருட்டைக்குப் பொருந்தாத சீரம் வழங்கப்பட்டபோது, நூற்றுக்கு இரண்டிலும் குறைவாயிருந்த இறப்பு நூற்றுக்குப் பன்னிரண்டாக உயர்ந்தது என்று 2008 இல் வெளியான ஆய்வு அறிவித்தது.

இலங்கை வைத்தியசாலைகளில் வழங்கும் சீரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சைக் கொண்டு அது செய்யப்படுகின்றது. நம் நாட்டிற் பலரைக் கடிக்கும் கோப்பி விரியனுக்கு அஃது உதவாது. அந்நான்கின் நஞ்சையும் சேகரிப்பதில் முதலிடம் வகிப்போர் தமிழ்நாட்டு இருளர். பரம்பரையாகப் பாம்பு பிடித்து அதன் தோலை விற்று வாழ்ந்த அவர்களது தொழில், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் நின்றது. 1978 இல், றொமியுலஸ் விற்றேக்கர் போன்றோரின் துணையோடு, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பின்னர் மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். அச்சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இரத்தினகிரியில் இலட்சக்கணக்கிற் கொன்றும் காணாத பயனை, செங்கற்பட்டுக் காட்டிற் பிடித்து விட்டு இவர்கள் கண்டனர். ஆஸ்திகர் ஜனமேஜயனுக்குச் சொன்னதும் இதனைப் போன்றதன்றோ?

நஞ்சே வேறு மருந்தாகவும் மாறியிருக்கின்றது. சுருட்டையின் நஞ்சில் 1988 இல் எக்கிஸ்டாட்டின் என்னும் சிறு புரதம் கண்டறியப்பட்டது. இரத்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமற் தடுப்பது அதன் குணம். அதன் அமைப்பைப் பின்பற்றி ஆக்கப்பட்ட ரைறோபிபான் என்னும் மருந்து 1998 முதல் மாரடைப்பு நோயாளருக்கு வழங்கப்படுகின்றது. ஆரணி மணலில் றசல் கண்ட சிறு பாம்பு, வைத்தியசாலைக் கட்டிலில் ஒருவரின் இருதயத்தைக் காக்கின்றது.

நாம் செய்யத் தக்கது

2012–13 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் வீடு வீடாக எடுத்த கணக்கின்படி, ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடித்திருக்கின்றது. 30,000 பேருக்கு நஞ்சேறியிருக்கின்றது. 400 பேர் மாண்டிருக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2017 இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலிற் சேர்த்து, 2030 ஆம் ஆண்டளவில் இறப்பைப் பாதியாக்க வேண்டும் என்று 2019 இற் திட்டம் வகுத்தது. அத்திட்டம் ஜெனீவாவில் நிறைவேறுவதன்று; ஒவ்வோர் ஊரின் வாசற்படியிலுமே நிறைவேற வேண்டும்.

ஆகவே இவற்றை மனத்திற் பதிப்போம். கடிபட்டவரை ஓடவிடாது அமைதியாகக் கிடத்தி, கடிபட்ட உறுப்பை அசையாதபடி தாங்குக. மோதிரம், வளையல், இறுக்கமான உடை ஆகியவற்றைக் கழற்றுக. கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் வேண்டாம்; உறைய மாட்டாத இரத்தத்தில் ஒரு கீறலே உயிரைக் குடிக்கும். பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். இரண்டாவது கடிக்கே அஃது இடமாகும். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

அங்கே வைத்தியர் சிறிது இரத்தத்தை எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இட்டு, இருபது நிமிடம் அசையாது வைத்து, பின்னர் குழாயைச் சரித்துப் பார்ப்பார். உறைந்திருந்தால் நன்று. நீராகவே ஓடினால் மூடைகள் தீர்ந்துவிட்டன, சீரம் வேண்டும். எத்தனை கண்ணீரும் எத்தனை ஊகமும் சொல்லாததை அந்த இருபது நிமிடம் சொல்லிவிடும். சீரமும் சிலருக்கு ஒவ்வாமையை விளைவிக்க வல்லதாதலால், வைத்தியரின் கண்முன்னன்றி வேறெங்கும் ஏற்றத் தகாதது. முதலில் உறைந்தாலும், பின்னர் மீண்டும் பரீட்சிக்க வேண்டும் என்பதால் வைத்தியர் மறித்து வைப்பார். "ஒன்றும் இல்லையே, வீட்டுக்குப் போவோம்" என்று அவசரப்படுவது மெலித்தா தீவு மக்களின் தருக்கத்துக்கே திரும்புவதாகும்.

இளைஞர்களே, இரவிற் செல்லும்போது கையில் விளக்கும் காலிற் செருப்பும் கொள்வோம். நம் மன்றத்தினர் ஒவ்வொருவரும், நம் தெருவிற் பார்வை பார்க்கும் பெரியவரையும் பக்கத்து ஊரில் ஓதி ஊதும் பெரியவரையும் கண்டு, "ஐயா, நீங்கள் செய்வதைச் செய்யுங்கள், வண்டி ஓடும்போதே செய்யுங்கள்" என்று பணிவோடு கேட்டுக்கொள்வோமாக. அப்பெரியவர்கள் நம் பகைவரல்லர். மக்கள் முதலில் நாடுவது அவர்களையே. அவர்கள் வாயிலிருந்து "வைத்தியசாலைக்குப் போ" என்னும் ஒரு சொல் பிறந்தால், நாம் எழுதும் நூறு கட்டுரைகளிலும் அது வலியதாகும். கல்முனையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மணலில் நடக்கின்றோம். அம்மணலிற் கிடக்கும் சுருட்டை, மிதித்த காலின் மதத்தைக் கேட்பதில்லை; குழாயிலிட்ட இரத்தமும் அதனைச் சொல்வதில்லை.

ஆரணியில் ஒரு குடியானவன் இப்பாம்பைக் காட்டிப் பெயர் சொன்னான். ஓர் அந்நியன் செவிசாய்த்துக் கேட்டு எழுதிவைத்தான். நூற்றாண்டுகளின் பின் ஓர் இருளன் அதனைப் பிடித்து நஞ்செடுத்துக் கொடுத்தான். அக்கொடை ஒரு சிறு குப்பியில் அடங்கிக் கடல் கடந்து நம் ஊர் வைத்தியசாலைக்கு வந்திருக்கின்றது. அதுவரை நோயாளியைக் கொண்டு சேர்ப்பது நம் கடன்.